நாலாம் பிரதிவாதி வீட்டு உலை

அரிசி எப்போதோ வெந்துவிட்டது. தெருவில் நின்ற எனக்கே வாசம் வந்தது. ரேஷன் புழுங்கலரிசி வெந்தால் லேசாக ஈரச் சாக்கு வாடை அடிக்குமே, அந்த வாசம். பேச்சியம்மாள் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். கரண்டியை விட்டு ஒரு கிண்டு கிண்டினாள். குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு பானைக்குள் ஊற்றினாள். மறுபடி மூடி வைத்தாள்.

வாசலில் நான் நின்றேன். என் பின்னால் இன்ஸ்பெக்டர், அவருக்குப் பின்னால் வேன்களில் போலீஸ், அதற்கும் பின்னால் ஒரு ஜே.சி.பி. அத்தனை பேரும் ஒரு பானைச் சோறு வேகக் காத்திருந்தோம்.

“என்னய்யா அமீனா, இன்னுமா வேகல?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“வெந்துக்கிட்டு இருக்கு சார்” என்றேன்.

பொய்தான். அவருக்கும் தெரியும். அவர் வீட்டிலும் சோறு வடிக்கிறார்கள்தானே.

வீட்டைக் காலி பண்ணப் போகும்போது அடுப்பில் உலை இருந்தால், அதை இறக்குகிற வரை அமீனா நிலைப்படியைத் தாண்டுவதில்லை. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது கிடையாது. எனக்கு முன்னால் இருந்த அமீனாக்கள் அப்படிச் செய்தார்கள், நானும் செய்தேன். கொதிக்கிற பானையை இறக்கித் தெருவில் வைத்தால் அந்தப் பாவம் பிள்ளைகுட்டியைப் பிடிக்கும் என்று ஒரு பயம். ஜட்ஜுகளுக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை.

இந்த வழக்கத்தை அந்த வரிசை வீட்டுக்காரர்களும் தெரிந்துவைத்திருந்தார்கள். அன்று காலை அங்கே அடுப்பு எரியாத வீடு இல்லை. பெண்கள் எல்லாரும் தண்ணீர் ஊற்றி ஊற்றி உலையை இறக்காமல் வைத்திருந்தார்கள். விருதுநகரிலிருந்து ஒரு கார் வரும், அதில் கலெக்டர் ஆபீஸ் ஆர்டர் வரும், வீடு தப்பிக்கும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

கூப்பிடாத விருந்தாளி

போன வாரம் இந்தப் பத்தியில், நான் ஒரு காலத்தில் ஜப்தி செய்த கறவை மாட்டைப் பற்றி எழுதியிருந்தேன். ராஜபாளையத்திலிருந்து ஒருவர் போன் போட்டு, “எல்லாம் சரி, மாட்டுக்கு யாருய்யா தண்ணி காட்டினது?” என்று சண்டைக்கு வந்துவிட்டார். நான்தான் காட்டினேன். இந்த வாரம் மாடு இல்லை, மனுஷர்கள். மாட்டைப் பற்றி எழுதும்போது இருந்த தெம்பு இப்போது இல்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கோர்ட் தீர்ப்புச் சொல்லும். சொன்னதை ஊருக்குள் கொண்டுபோய் நடத்திக்காட்டுகிற ஆள் அமீனா. சம்மன் கொடுப்பது, ஜப்தி செய்வது, வீட்டைக் காலி பண்ணி ஜெயித்தவர் கையில் ஒப்படைப்பது. ரிக்கார்டில் நீளமாக ஒரு தமிழ்ப் பேர் வைத்திருக்கிறார்கள். ஊர் வாயில் அமீனாதான். ராஜபாளையத்திலும் வில்லிபுத்தூரிலும் மாறி மாறி இந்த வேலையைப் பார்த்தேன்.

என் மனைவி கிண்டல் பண்ணுவாள். ஊரில் அத்தனை வீட்டு வாசலையும் மிதித்த ஆளு, ஒரு வீட்டிலாவது வாங்க, காப்பி குடிங்க என்று சொல்லியிருப்பார்களா என்பாள். அவள் சொல்வது நிஜம். மடவார் வளாகத்தில் எங்கள் தெருவிலேயே நான் கையில் பையோடு வந்தால் கதவைச் சாத்துகிறவர்கள் இருந்தார்கள். பையில் கத்திரிக்காய் இருக்கும்.

நடுவில் ஒரு பஸ்

எங்கள் மாவட்டத்தில் ஒரு விசேஷம். கலெக்டர் இருப்பது விருதுநகரில். ஜில்லா கோர்ட் இருப்பது வில்லிபுத்தூரில். அரசாங்கமும் நீதிமன்றமும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று அரசியல் சாசனம் படித்தவர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். எங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நடுவில் பஸ் ஏறிப் போக வேண்டும், அது சிவகாசியில் வேறு நின்று நின்று போகும்.

பிரிந்து இருக்கிறார்களே தவிர, ஒருத்தர் இல்லாமல் ஒருத்தருக்கு ஓடாது. சட்டத்தைச் சென்னையில் சட்டசபை போடும். டெல்லியும் போடும். நிலம் எடுப்பது மாதிரிச் சில விஷயம் ரெண்டு பேருக்கும் பொது. ரெண்டு சட்டமும் முட்டிக்கொண்டால் டெல்லிச் சட்டம்தான் நிற்கும். ஜனாதிபதி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மட்டும் நம்ம ஊரில் நம்ம சட்டம் நிற்கும். போட்ட சட்டத்தை நடத்துவது மந்திரியும் கலெக்டரும். நடத்தினது முறையா என்று பார்ப்பது கோர்ட். முறையில்லை என்றால் ரத்து.

சரி, ரத்து பண்ணியாச்சு. பிறகு? அங்கேதான் நான் வருகிறேன். கோர்ட்டுக்குச் சொந்தமாக ஒரு போலீஸ்காரர் கிடையாது. அரசாங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பு என்றாலும், அதை நிறைவேற்ற அதே அரசாங்கத்திடம்தான் ஆள் கேட்க வேண்டும். பங்காளிகள் ஒரே கிணற்றில் முறை வைத்து இறைக்கிற கதை. மோட்டார் ஒருத்தனுடையது, பைப்பு இன்னொருத்தனுடையது. ரெண்டு பேரும் பேசிக்கொள்ளாத நாளில் பயிர் காயும்.

அழகர்ராஜாவின் ரெண்டு ஏக்கர்

அந்த வீடுகள் இருந்த இடம் வில்லிபுத்தூர் தாண்டி சுந்தரபாண்டியம் போகிற பக்கம். மானாவாரி நிலம். நிலத்துக்காரர் அழகர்ராஜா, ராஜபாளையத்துக்காரர். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலுக்கு வெளியே தமிழ். பேரில் ராஜா இருக்கிறது, மில் முதலாளி போல என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பழைய டி.வி.எஸ். ஃபிப்டி, காலர் கிழிந்த வெள்ளைச் சட்டை, கட்டைப் பையில் கேஸ் கட்டு. அதுதான் மனுஷன்.

அவருடைய அப்பா காலத்தில், வீடில்லாத ஏழைகளுக்கு மனை கொடுக்க அந்த நிலத்தை அரசாங்கம் எடுத்தது. எடுக்கட்டும், நல்ல காரியம்தான். ஆனால் எடுப்பதற்கு முன்னால் நிலத்துக்காரனைக் கூப்பிட்டு, உனக்கு ஏதாவது ஆட்சேபம் உண்டா என்று கேட்க வேண்டும் என்பது சட்டம். எந்த ஆபீஸ் என்று எழுதப்போவதில்லை. அந்த ஆபீஸில் யாரோ ஒரு புண்ணியவான், செத்துப்போன தாத்தா பேருக்கு நோட்டீஸ் அனுப்பினார். ஆள் இல்லை என்று அது திரும்பி வந்ததும், கொடுத்தாகிவிட்டது என்று எழுதி முடித்துவிட்டார். அப்பா ஒரு நாள் உழப்போனபோது நிலத்தில் கல் நட்டிருந்தது.

“மா நாயன பூமி” என்று அழகர்ராஜா என்னிடம் அடிக்கடி சொல்வார். எங்க அப்பா நிலம் என்று அர்த்தம். அந்த அப்பா கேஸ் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மகன் நடத்தினார். நோட்டீஸ் கொடுக்காமல் எடுத்தது செல்லாது என்று கோர்ட் சொன்னது. வேண்டுமென்றால் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது.

ஒரே ஒரு புது நோட்டீஸ். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அந்த ஃபைல் எந்த மேஜையில் குப்புறப் படுத்துக்கொண்டதோ தெரியாது. அதற்குள் மேடை போட்டு, பந்தல் போட்டு, ஏழைகளுக்குப் பட்டா கொடுத்தாகிவிட்டது. நிலத்தைத் திருப்பித் தா என்று அழகர்ராஜா மறுபடி கேஸ் போட்டார்.

மேடையில் வாங்கின பட்டா

பேச்சியம்மாள் புருஷன் இல்லாதவள். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டாள். விடியுமுன் ஷேர் ஆட்டோ பிடித்து ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி ஆலைக்குப் போய்விடுவாள். அவள் சேலையில் எப்போதும் கஞ்சிப்பசையும் மருந்தும் கலந்த ஒரு வாடை. பிறந்ததிலிருந்து ஓடைப் புறம்போக்கில் குடிசை, பிறகு வாடகைச் சாய்ப்பு, இப்படியே இருந்தவளுக்கு அந்த மேடையில் மந்திரி கையால் பட்டா கிடைத்தது.

அதை லாமினேஷன் பண்ணிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். பட்டாவில் அரசு முத்திரை, முத்திரையில் கோபுரம். அது எங்கள் வில்லிபுத்தூர்க் கோபுரம் என்று இங்கே எல்லாரும் சொல்வோம். அவள் வாசலில் நின்று பார்த்தால் தூரத்தில் அதே கோபுரம் தெரியும். ஆண்டாள் கோபுரம் போட்ட பேப்பர் பொய்யாகுமா என்று அவள் என்னையே மடக்கியிருக்கிறாள்.

வீடு கட்ட டெல்லிப் பணம் கொஞ்சம், சென்னைப் பணம் கொஞ்சம் வந்தது. கேஸ் அடுப்பு, மிக்சி, ஃபேன் எல்லாம் அரசாங்கம் கொடுத்தது. அவள் சொந்தமாகப் போட்டது தரைதான். ஆலைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ரோஜாப்பூப் போட்ட டைல்ஸ் வாங்கிப் பதித்திருந்தாள். செருப்போடு யாரும் அதில் கால் வைத்துவிட முடியாது, வாய் கிழியக் கத்துவாள்.

வாங்காத சம்மன்

அழகர்ராஜா போட்ட கேஸில் சம்மன் கொண்டுபோனது நான்தான். அந்த வரிசையில் ஒருத்தரும் வாங்கவில்லை. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. கோர்ட் பேப்பரைக் கையில் வாங்கினால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி. வாங்காமல் விட்டால் நம்மை ஒன்றும் பண்ண முடியாது. நான் பார்த்து எத்தனை குடும்பம் இந்த நம்பிக்கையில் நாசமாய்ப் போயிருக்கிறது.

அங்கே அதற்குத் தூபம் போட்டவர் காளிமுத்து. கவுன்சிலர். கெட்ட மனுஷன் இல்லை, அந்த வரிசைக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுவந்தவரே அவர்தான். எவனும் கையெழுத்துப் போட்டுராதீங்க, கவர்மெண்ட்டு பாத்துக்கிடும் என்று வீடு வீடாகச் சொல்லியிருந்தார்.

“வாங்கிக்கோ தாயி” என்றேன் பேச்சியிடம். “வாங்கிட்டுப் போய் ஒரு வக்கீலப் பாரு. வாங்கலேன்னா நீ இல்லாமலே கேஸு நடந்துரும்.”

“என்னைக் கொண்டாந்து வச்சது கவர்மெண்ட்டு அய்யா. கேக்கணும்னா அவியள போயிக் கேளுங்க. நான் எதுக்கு வாங்கணும்?”

கதவில் ஒட்டிவிட்டு வந்தேன். வாங்க மறுத்தால் ஒட்டிவிட வேண்டும், அதுதான் விதி. வெயிலில் வெளுத்து, மழையில் ஊறி, அது தானாக உரிந்து விழுகிற வரை அவள் அதைத் தொடவில்லை.

கோர்ட்டில் அவள் பேரைக் கூப்பிட்டார்கள். ஆள் இல்லை. எக்ஸ்பார்ட்டி, அதாவது அவள் தரப்பைக் கேட்காமலே கேஸ் நடக்கும். வரிசை மொத்தமும் எக்ஸ்பார்ட்டி. அந்தக் கேஸில் முதல் பிரதிவாதி யார் தெரியுமா? தமிழ்நாடு அரசு, கலெக்டர் மூலமாக. பேச்சியம்மாள் நாலாம் பிரதிவாதி. ரெண்டு பேரும் ஒரே கட்சி. முதல் பிரதிவாதி தன்னைக் காப்பாற்றும் என்று நாலாம் பிரதிவாதி வீட்டில் இருந்தாள். முதல் பிரதிவாதியின் வக்கீலுக்கு ஆபீஸிலிருந்து பேப்பர் வரவில்லை. பாவம், அரசு வக்கீல் வாய்தா மேல் வாய்தா வாங்கிப் பார்த்தார். தீர்ப்பு வந்தது. அப்பீல் போட்டார்கள், காலம் கடந்து போட்டார்கள், தள்ளுபடி ஆனது.

தேர், தேர்தல், திருத்தம்

முதல் தடவை நான் வீடுகளைக் காலி பண்ணி டெலிவரி எடுக்கப் போனபோது பெண்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். தடை செய்தார்கள் என்று ரிப்போர்ட் எழுதித் திரும்பினேன். போலீஸ் உதவியோடு போ என்றது கோர்ட். போலீஸைக் கேட்டால் ஆடிப்பூரத் தேர், பந்தோபஸ்துக்கே ஆள் பத்தலை என்றார்கள். அதுவும் நிஜம்தான். அந்தத் தேர் கிளம்பினால் ஊரில் ஊசி போட இடம் இருக்காது. ஆனால் தேர் நிலைக்கு வந்த பிறகும் ஆள் பத்தவில்லை.

அப்புறம் எலெக்‌ஷன். வேட்பாளர் அந்த வரிசைக்கு வந்து, நான் ஜெயித்தால் சட்டசபையில் சட்டத்தையே திருத்திவிடுவோம், ஒரு செங்கல்லைக் கூட எடுக்க விடமாட்டோம் என்றார். பேச்சி ஆரத்தி எடுத்தாளாம்.

எனக்கு அது முடியுமா என்று சந்தேகம். கோர்ட் வாசல் டீக்கடையில் ஒரு சீனியர் வக்கீலைக் கேட்டேன். தீர்ப்பை அடித்து எழுதுவதற்குச் சட்டசபைக்கு அதிகாரம் இல்லை, ஆனால் அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமாக இருந்த சட்டத்தையே மாற்றலாம், மாற்றினது செல்லுமா செல்லாதா என்று மறுபடி கோர்ட்தான் பார்க்கும் என்று விளக்கினார்.

“அப்ப கடைசியா யாரு சார் பெரிய ஆளு?” என்றேன்.

“யாரும் பெரிய ஆளு ஆயிரக் கூடாதுன்னுதான் இப்படி வச்சிருக்கு” என்றார்.

நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஒருத்தர் கையிலேயே எல்லாம் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். கோர்ட் இல்லாவிட்டால் அழகர்ராஜா மாதிரி ஆளுக்கு நாதி ஏது? ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு நடுவில் ஒரு பொம்பளை டைல்ஸ் பதித்து உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

சட்டத் திருத்தம் வரவில்லை. அழகர்ராஜா மதுரை ஹைகோர்ட்டுக்குப் போனார். கீழ்க்கோர்ட் உத்தரவுக்கு ஏன் இன்னும் பாதுகாப்புக் கொடுக்கவில்லை, அதிகாரிகள் நேரில் வந்து சொல்லுங்கள் என்று அங்கே கேட்டார்கள். நேரில் என்றதும் எல்லாம் நடந்தது. ஆள் கிடைத்தது, வேன் கிடைத்தது, ஜே.சி.பி. கூடக் கிடைத்தது.

கடைசி நேரத்தில் அந்தப் பெண்கள் முதல் தடவையாகக் கோர்ட்டுக்கு வந்தார்கள். வக்கீல் வைத்து மனுப் போட்டார்கள். ஜட்ஜ் பொறுமையாகத்தான் கேட்டார். மேல்கோர்ட் வரை முடிந்துபோன விஷயம், இங்கே நிறுத்த முடியாது, மாற்று இடம் கொடுக்க வேண்டியது அரசாங்கம், அங்கே போய்க் கேளுங்கள் என்றார். அரசாங்கத்தில் கேட்டதற்கு, கோர்ட் விஷயம், இருந்தாலும் பார்க்கிறோம், ஒரு ஆர்டர் போட முடியுமா என்று யோசிக்கிறோம் என்றார்களாம். இந்த ‘யோசிக்கிறோம்’தான் காளிமுத்து வாய்க்கு வந்து சேர்ந்தபோது ‘கார் வருது’ ஆகிவிட்டது.

இறக்கியாச்சு

அதனால்தான் உலை.

வெயில் ஏறிவிட்டது. காளிமுத்து போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. ஆர்டர் டைப் ஆகிக்கொண்டிருக்கிறது, கையெழுத்துத்தான் பாக்கி என்று செத்த நேரத்துக்கு ஒரு தரம் வந்து சொல்லிவிட்டுப் போவார். ஒவ்வொரு தரமும் பேச்சி ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவாள்.

அழகர்ராஜா வேப்ப மர நிழலில் வண்டி மேல் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய், நீங்க மனசு வச்சா இன்னும் கொஞ்சம் டயம் குடுக்கலாமே என்றேன். கேட்கக் கூடாது, என் வேலை அது இல்லை. வாயில் வந்துவிட்டது.

“எங்க அப்பாவுக்கு ஒரு நோட்டீஸ் குடுத்திருந்தா, அவரே எழுதிக் குடுத்திருப்பாரு அமீனா. ஏழைக்குக் குடுக்க மாட்டேன்னா சொல்லியிருப்பாரு? இன்னைக்கி விட்டா நான் செத்துப்போவேன், பொறவு யாரு வந்து கேப்பா?” என்றார். அவர் அந்த வீடுகள் பக்கம் திரும்பவே இல்லை.

குடத்தில் தண்ணீர் தீர்ந்தது. சோறு கஞ்சியாகி, கஞ்சி கூழாகி, கரண்டி நிற்கிற பதத்துக்கு வந்துவிட்டது. அடிப்பிடித்த வாடை தெருவெல்லாம் வீசியது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

அப்போது காளிமுத்து போனை ஸ்பீக்கரில் போட்டார். எதற்குப் போட்டார் என்று தெரியாது. நான் சொல்லி நீங்கள் நம்பமாட்டீர்கள், நீங்களே கேளுங்கள் என்று நினைத்திருப்பார். ஒரு அதிகாரி பேசினார். மரியாதையான குரல்.

“கோர்ட் ஆர்டர் இருக்குங்க. எங்க கையில ஒண்ணும் இல்ல. வேணும்னா கோர்ட்ல போயி மனுப் போடச் சொல்லுங்க.”

யாரும் அழவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ குக்கரை அணைத்தார்கள். பேச்சி அடுப்பை அணைத்தாள். துணியால் பிடித்துப் பானையைத் தூக்கி அந்த ரோஜாப்பூ டைல்ஸ் மேல் வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

“வாங்க அய்யா. இறக்கியாச்சு.”

எத்தனையோ வீட்டில் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார்கள். ஒரு தரம் நாயை அவிழ்த்துவிட்டார்கள். யாரும் என்னை ‘வாங்க’ என்று சொன்னதில்லை. செருப்பைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு உள்ளே போனேன்.

சாமான்களைப் பெண் போலீஸ்காரர்களே தூக்கி வெளியே வைத்தார்கள். ஒரு பொண்ணு மிக்சியைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தது, பேச்சியை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜே.சி.பி. உள்ளே வந்ததும் செங்கல் தூசி எழும்பியது. பேச்சி பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். யாரிடமும் அதை நீட்டவில்லை.

நிலத்தை ஒப்படைத்ததாக ரிப்போர்ட் எழுதினேன். அழகர்ராஜா கையெழுத்துப் போட்டார். நான் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், அன்றைக்கு அங்கே நின்ற யாரும் விதியை மீறவில்லை. எவனையாவது திட்டலாம் என்றால் ஆள் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்தேன். சாப்பிட உட்கார்ந்தேன், சோற்றைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன்.

கண்மாய்க்கு உள்ளே

அழகர்ராஜா அந்த நிலத்தில் ஒரு போகம் கூட எடுக்கவில்லை. அடுத்த தேருக்கு முன்னால் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் பெங்களூரில். நிலத்தில் இப்போது கருவேலம் நிற்கிறது, நடுநடுவே டைல்ஸ் துண்டு கிடக்கிறது.

நான் ஓய்வு பெற்றாகிவிட்டது. போன மாதம் கான்சாபுரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்து வரும்போது, கண்மாய்க் கரையோரமிருந்து “அமீனா அய்யா” என்று ஒரு குரல். பேச்சியம்மாள். தலை நரைத்துவிட்டது. ஆலைக்குப் போவது நின்றுவிட்டதாம், இருமல்.

ரொம்ப நாள் அலைந்து மனுக் கொடுத்து, அரசாங்கத்தில் அவளுக்கு மாற்று இடம் கொடுத்துவிட்டார்கள். புதுப் பட்டா. உள்ளே போய் எடுத்துவந்து காட்டினாள். அதே முத்திரை, அதே கோபுரம். இடம் எது என்று பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, காலுக்குக் கீழே கரம்பை மண் பிளந்து கிடந்தது. கண்மாயின் நீர்ப்பிடிப்பு. நீர்நிலையில் யார் இருந்தாலும், யார் பட்டா கொடுத்திருந்தாலும் எடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு வந்துகொண்டே இருக்கிற காலம் இது. அதுவும் சரிதான். கண்மாய் போனால் ஊருக்குத் தண்ணீர் ஏது?

“இது எம்புட்டு நாளைக்கு அய்யா?” என்றாள்.

பொய் சொல்லத்தான் நினைத்தேன். வரவில்லை.

“நிலைக்காது தாயி. யாராவது ஒரு கேஸு போட்டா வந்துருவாங்க. அப்ப சம்மன் வந்தா வாங்கிக்கோ. வாங்கி உடனே வக்கீலப் பாரு.”

“அதெல்லாம் வாங்கிக்கிடுவேன்” என்றாள். என்னை வீட்டுப் பக்கம் கூட்டிப்போனாள். வீடு என்றால் நாலு பக்கமும் தகரம், மேலே தகரம், கம்பிக் கால்கள். உள்ளே மண் தரை, சாணம் தெளித்திருந்தாள். மூலையில் கம்பியும் தகரமும் சேருகிற இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

“செங்கல்லே வைக்கல அய்யா. சிமெண்டும் இல்ல. அம்புட்டும் போல்ட்டு. நானே மாட்டுனது, நானே கழட்டிக்கிடுவேன். நீங்க வரும்போது ஜே.சி.பி. எல்லாம் வேண்டியதில்ல.”

நான் ரிட்டயர் ஆகிவிட்டேன், இனிமேல் வரமாட்டேன் என்று சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு போல்ட்டு ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே போய் ஸ்பானரை எடுத்துவந்து, கையாலேயே கழற்றுகிற அளவுக்கு இருந்தால் போதும் என்று, பாதி முறுக்கு முறுக்கி விட்டாள்.